கிராஃபிக்ஸ் டிரைவர் மோதலால் உடையும் பேக்கேஜ்கள்: எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

உபுண்டு, டெபியன், மின்ட் மாதிரி ஒரு லினக்ஸ் கணினியில் சின்னதாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை நிறுவப் போகிறீர்கள். நிரல்களை நிறுவித் தரும் கருவியான ஆப்ட் முடியாது என்கிறது. திரையில் எடிட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'என்விடியா' என்று தொடங்கும் நாலைந்து பெயர்கள் வருகின்றன, 'அன்மெட் டிபென்டன்சிஸ்' என்று ஒரு வரி வருகிறது, கடைசியில் '--ஃபிக்ஸ்-புரோக்கன்' ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு யோசனை. அதை ஓட்டினால் கொஞ்ச தூரம் போய் அதே இடத்தில் நின்றுவிடுகிறது. எடிட்டருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் கணினியில் உள்ள நிரல்கள் பேக்கேஜ் என்ற பொதிகளாக வருகின்றன; அவை எல்லாவற்றுக்கும் பதிவேடு ஒன்றுதான். அதில் ஏதோ ஒன்று அரைகுறையாக நிற்பது தெரிந்தால், அதைத் தீர்க்காமல் புதிதாக எதையும் ஏற்ற ஆப்ட் சம்மதிக்காது. இதைப் பார்த்துவிட்டு 'சிஸ்டமே போச்சு' என்று முழு ஓஎஸ்ஸையும் அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் நிறையப் பேர். அதற்குத் தேவையே இல்லை. சிக்கியிருப்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில பேக்கேஜ்கள். அந்தக் குடும்பத்தை மொத்தமாகக் கழற்றினாலும் கணினி பூட் ஆகும், உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். பயமில்லாமல் கைவைக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கோடுகளும் குறிகளும் இங்கே இருக்கிறபடியே.

பேக்கேஜ் என்ன சொல்லிக்கொண்டு வருகிறது

ஒவ்வொரு பேக்கேஜும் தன்னைப் பற்றிய விவரத்தைத் தானே சுமந்து வரும். எனக்கு இன்ன பேக்கேஜ் இன்ன வெர்ஷனில் வேண்டும் என்பது சார்பு. இன்னதோடு நான் சேர்ந்து இருக்கமாட்டேன் என்பது முரண். இன்னதன் இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பது மாற்று. இந்த மூன்றும் புரிந்தால் போதும், மற்றவை நுணுக்கங்கள்.

இந்த வேலையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். டிபிகேஜி என்பது கீழ்மட்டத்தில் பேக்கேஜைப் பிரித்துக் கோப்புகளை அதனதன் இடத்தில் வைப்பது. ஆப்ட் அதற்கு மேலே உட்கார்ந்து, களஞ்சியங்களில் (பேக்கேஜ்களை இறக்கித் தரும் இணைய இருப்பிடங்களில்) எது கிடைக்கிறது, எதற்கு எது வேண்டும், எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்வது. டிபிகேஜி ஒரு பேக்கேஜை இரண்டு கட்டமாக நிறுவுகிறது. முதலில் கோப்புகளைப் பிரித்து வைக்கும். பிறகு அந்தப் பேக்கேஜோடு வந்த ஸ்கிரிப்டை ஓட்டி அமைவை முடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது தடுக்கினால் பேக்கேஜ் பாதியில் நிற்கும். அதை நம்பியிருந்த அடுத்த பேக்கேஜும் அமைவுக்குப் போகாது. அதை நம்பியிருந்த அடுத்ததும் அப்படியே. ஒரே ஒரு பேக்கேஜ் விழுந்ததற்குத் திரையில் பத்து பெயர் வருவது இதனால்தான்.

அதனால் பிழைப் பட்டியலைப் படிக்கும்போது கடைசி வரியை விட்டுவிடுங்கள். 'சப்-பிராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் ஆன் எரர் கோட் 1' என்று வரும் அந்த வரி எதையும் சொல்வதில்லை. கீழே ஏதோ தோற்றது என்பது மட்டுமே அதில் உள்ள சேதி. மேலே நகர்த்தி, முதலில் தோற்றது எது என்று பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை

ஒரு எடிட்டரோ பிரவுசரோ உடைந்தால் அது தனியாக உடையும். என்விடியா டிரைவர் அப்படிப்பட்டதல்ல. அது இரண்டு துண்டாக வாழ்கிறது. ஒரு துண்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஏறும் மாட்யூல். இன்னொரு துண்டு நம் நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள்: படம் வரையும் ஓப்பன்ஜிஎல்லுக்கு, வல்கனுக்கு, கார்டில் கணிப்பு வேலை செய்ய உதவும் குடாவுக்கு, வீடியோவுக்கு என்று பல. இந்த இரண்டு பக்கமும் பூட்டும் சாவியும் மாதிரி, ஒரே வெர்ஷன் எண்ணில் இருந்தாக வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் போதாது, கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் இந்தப் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று மிகக் கறாராகப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று நகர்ந்து மற்றொன்று நகராவிட்டால் உடனே சிக்கல்.

இதற்கு மேல், ஒரே டிரைவர் பல வாசல் வழியாக வருகிறது. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியம் ஒன்று. 'கிராஃபிக்ஸ்-டிரைவர்ஸ்' என்ற பிபிஏ (நாமாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் களஞ்சியம்) ஒன்று. குடாவுக்காக என்விடியா நடத்தும் களஞ்சியம் ஒன்று. என்விடியாவின் தளத்தில் இறக்கிக்கொள்ளும் '.ரன்' நிறுவி ஒன்று. நான்கும் தனித்தனியாக ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் இரண்டைக் கலந்தால், ஒரே கோப்பை இரண்டு பேக்கேஜ்கள் 'என்னுடையது' என்று சொல்லும் நிலை வரும். என் அனுபவத்தில், இந்தத் தலைப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர் இந்தக் கலப்புதான். இன்ன வாசல்தான் சிறந்தது என்று நான் வாதிட வரவில்லை. ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டை வைக்காதீர்கள்.

குடா களஞ்சியத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு, புதியவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஆப்டில் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் இருக்கிறது, சாதாரணமாக 500. குடாவை நிறுவச் சொல்லும் வழிமுறையில் ஒரு சின்ன 'பின்' கோப்பை (முன்னுரிமை எண்ணை மாற்றும் கோப்பு) இறக்கி ஆப்டின் பிரிஃபரன்சஸ் ஃபோல்டரில் வைக்கச் சொல்வார்கள். அது என்விடியா களஞ்சியத்துக்கு 600 கொடுக்கிறது. அதாவது அன்றுமுதல், ஒரே பெயரில் இரண்டு பக்கமும் பேக்கேஜ் இருந்தால் ஆப்ட் என்விடியா பக்கம்தான் சாயும். நீங்கள் குடாவுக்காகச் சேர்த்த களஞ்சியம், அடுத்த அப்டேட்டில் டிரைவரையும் தன் பக்கம் இழுக்கத் தொடங்கும். பாதி பேக்கேஜ்கள் இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

குடா மட்டும் வேண்டும், டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்றால், டிரைவரையும் சேர்த்து இழுத்து வரும் 'குடா' என்ற பெரிய மெட்டாபேக்கேஜைக் கேட்காமல் 'குடா-டூல்கிட்' என்பதைக் கேளுங்கள். டூல்கிட்டுக்கு டிரைவர் மாற வேண்டியதில்லை. போதுமான அளவு புதிய டிரைவர் ஒன்று இருந்தால் போதும்.

கெர்னல் அப்டேட் இன்னொரு காரணம். கெர்னல் மாறினால் மாட்யூலையும் அந்தக் கெர்னலுக்கென்று மறுபடி கட்ட வேண்டும். இதைத் தானாகச் செய்வது டிகேஎம்எஸ். அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் பேக்கேஜ் வேண்டும், பொருத்தமான ஜிசிசி கம்பைலர் வேண்டும், டிரைவரின் மூலநிரல் அந்தப் புதிய கெர்னலைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் கட்டுவது தோற்கும். தோல்வி அமைவு ஸ்கிரிப்டுக்குள் நடப்பதால் கெர்னல் பேக்கேஜே பாதியில் நிற்கும்.

இதற்கு நல்ல உதாரணம் உபுண்டு 22.04. அதன் இயல்பான கம்பைலர் ஜிசிசி 11. 2024 தொடக்கத்தில் அதற்கு ஹெச்டபிள்யூஇ (புதிய கெர்னலைப் பழைய வெளியீட்டுக்குத் தரும் ஏற்பாடு) வழியாக வந்த 6.5 கெர்னலோ ஜிசிசி 12ல் கட்டப்பட்டது. ஜிசிசி 12 இல்லாத கணினிகளில் டிகேஎம்எஸ், தெரியாத கம்பைலர் ஆப்ஷன் என்று புகார் சொல்லிவிட்டு நின்றது. டிரைவரிலும் குறையில்லை, கெர்னலிலும் குறையில்லை. 'ஜிசிசி-12' பேக்கேஜை நிறுவியதும் சரியானது. இதைத் தெரியாமல் டிரைவரைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் எத்தனை முறை செய்தாலும் தீராது. முதல் பிழையைப் படியுங்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

செய்தியைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் செய்திகள் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன.

'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' என்பதுதான் அதிகம் பயமுறுத்துவது. உண்மையில் இதுதான் ஆபத்து குறைந்தது. நீங்கள் கேட்ட பேக்கேஜை இப்போதைய நிலையில் பொருத்த வழி கிடைக்கவில்லை என்று மட்டுமே இதற்குப் பொருள். கணினியில் எதுவும் இன்னும் மாறவில்லை, எதுவும் உடையவில்லை. 'ஹெல்ட்' என்று சொன்னாலும் நீங்கள் எதையும் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' கேளுங்கள்; எப்போதோ ஒரு டிரைவரை ஹோல்டில் போட்டு மறந்திருந்தால் அதன் பெயர் வரும்.

'அன்மெட் டிபென்டன்சிஸ், ட்ரை ஃபிக்ஸ்-புரோக்கன்' என்று வந்தால் நிலைமை வேறு. பதிவேட்டில் ஏற்கெனவே ஏதோ பாதியில் நிற்கிறது.

'ட்ரையிங் டு ஓவர்ரைட்' என்று ஒரு கோப்பின் பெயரும், 'விச் இஸ் ஆல்சோ இன் பேக்கேஜ்' என்று இன்னொரு பேக்கேஜின் பெயரும் வந்தால், அது நேரடியான வாசல் மோதல். '71-என்விடியா.ரூல்ஸ்' என்ற யூடெவ் (சாதனங்களைக் கையாளும் பகுதி) கோப்புக்காக இரண்டு தலைமுறை டிரைவர்கள் அடித்துக்கொண்டது இந்த வகையில் மிகப் பிரபலம். இங்கே பலரும் '--ஃபோர்ஸ்-ஓவர்ரைட்' போடச் சொல்வார்கள். அது வேலை செய்யும், ஆனால் டிரைவர் விஷயத்தில் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அந்தக் கோப்பின் உரிமை புதிய பேக்கேஜுக்கு மாறிவிடும். நாளைக்கு அதை நீக்கினால் கோப்பும் அதோடு போகும். பழையது தன் கோப்பு ஒன்று காணாமல் போனது தெரியாமல் பதிவேட்டில் நலமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒரு சிக்கலைக் கண்ணுக்குத் தெரியாத சிக்கலாக மாற்றுவது நல்ல பேரம் இல்லை.

'பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ் ஃபார் மாட்யூல் பில்ட்' என்றால் டிகேஎம்எஸ் தோற்றிருக்கிறது. கூடவே 'மேக்.லாக்' என்ற கோப்பின் முகவரியையும் கொடுக்கும். அதைத் திறந்து 'எரர்' என்ற சொல் முதலில் வரும் இடத்தைப் பாருங்கள்.

'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று, கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளை சொன்னால், பேக்கேஜ்களில் ஒன்றும் உடைந்திருக்காமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்னணியில் ஓடிய தானியங்கி அப்டேட் லைப்ரரிகளைப் புதுப்பித்திருக்கும். நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூலோ பழையது. ரீபூட் செய்தால் போதும். எதையும் நீக்காதீர்கள்.

'கெப்ட் பேக்' என்று சில பேக்கேஜ்கள் ஒதுங்கி நின்றால் அதுவும் பிழையல்ல. உபுண்டு தன் அப்டேட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல கணினிகளுக்குப் பரப்புகிறது; உங்கள் முறை வராமல் இருக்கலாம். சில நாள் விட்டுவிடுங்கள்.

டெர்மினலுக்குப் போய்ச் சேர்வது

திரையே கறுப்பாக இருந்தால் முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்து மட்டும் உள்ள லாகின் வந்தால் அதுவே போதும், வேலை முழுவதையும் அங்கேயே முடிக்கலாம். வரவில்லையா, ரீபூட் செய்து, கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவைப் பிடியுங்கள். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பைத் தட்ட வேண்டும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே முந்தைய கெர்னல் இருக்கும். அதற்கென்று கட்டிய மாட்யூல் இன்னும் இருந்தால் டெஸ்க்டாப்பே வந்துவிடும்.

அதுவும் இல்லையென்றால் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். குறைந்த ரெசல்யூஷனில் படம் வரும். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான்.

சரிசெய்யத் தொடங்குமுன்

இரண்டு கோப்புகளைப் பார்த்துவிடுங்கள். வார், லாக், ஆப்ட் ஃபோல்டருக்குள் 'ஹிஸ்டரி.லாக்' என்று ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தக் கட்டளையால், எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷனிலிருந்து எந்த வெர்ஷனுக்குப் போனது என்று அதில் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே உள்ள 'டெர்ம்.லாக்' அப்போது திரையில் ஓடியதை அப்படியே வைத்திருக்கும். 'நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே கெட்டுவிட்டது' என்று தோன்றும்போது இந்த இரண்டும் விஷயத்தைச் சொல்லிவிடும். பெரும்பாலும் முந்தின நாள் ஓடிய தானியங்கி அப்டேட்டோ, எப்போதோ சேர்த்த களஞ்சியமோ அங்கே பெயரோடு நிற்கும்.

அப்புறம் இப்போதைய நிலை. 'டிபிகேஜி -எல்' வெளியீட்டில் என்விடியா வரும் வரிகளை மட்டும் 'கிரெப்' கட்டளையால் வடிகட்டிப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகள் இருக்கும். 'ஐஐ' என்றால் நலம். 'ஐயூ' என்றால் பிரித்து வைத்ததோடு நிற்கிறது. 'ஐஎஃப்' என்றால் அமைவில் தோற்றது. 'ஆர்சி' என்றால் பேக்கேஜ் போய்விட்டது, அமைவுக் கோப்புகள் மட்டும் மிச்சம். ஒரே பட்டியலில் 535, 550 மாதிரி இரண்டு வரிசை டிரைவர்களும் 'ஐஐ' ஆகவோ பாதியிலோ தெரிந்தால் மோதல் எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும்.

எந்தப் பேக்கேஜ் எந்த வாசலில் இருந்து வந்தது என்பதை 'ஆப்ட் பாலிசி' என்று போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் காட்டும். மேலே சொன்ன 500, 600 எண்களும் அதிலேயே தெரியும்.

இன்னொன்று, டிஸ்க் இடம். பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்து அது நிரம்பியிருந்தால், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை எழுத முடியாமல் டிரைவர் அமைவு தோற்கும். அப்போது டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் ஒரே பதில்தான். 'டிஎஃப் -ஹெச்' பார்த்து, நிரம்பியிருந்தால் பழைய கெர்னல்களை நீக்குங்கள்.

மெதுவான வழி முதலில்

முதலில் இது:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ

பாதியில் நிற்கும் பேக்கேஜ்களின் அமைவை முடிக்கப் பார்க்கும். அப்டேட் நடுவில் மின்சாரம் போனது, மடிக்கணினி மூடப்பட்டது மாதிரியான சம்பவங்களுக்கு இது ஒன்றே போதும். அப்புறம்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

விடுபட்ட சார்புகளைக் கொண்டுவந்து, முடியாதவற்றை நீக்கி, பதிவேட்டை நேராக்கப் பார்க்கும். ஒய் அழுத்துமுன் அது காட்டும் நீக்கல் பட்டியலைப் படியுங்கள். இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. 2021ல் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவப் போன ஒருவரின் டெஸ்க்டாப் சூழல் முழுவதும் நீங்கிப்போனது பரவலாகப் பேசப்பட்டது. ஆப்ட் முன்கூட்டியே பட்டியல் போட்டு, 'எஸ், டூ ஆஸ் ஐ சே' என்று முழு வாக்கியத்தையும் தட்டச் சொல்லிக் கேட்டது. தட்டியபின் சொன்னபடி செய்தது. பட்டியலில் டெஸ்க்டாப், எக்ஸ்ஆர்க், க்னோம், சிஸ்டம்டி மாதிரி பெயர்கள் தெரிந்தால் 'என்' அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

'லாக் கிடைக்கவில்லை' என்று ஆப்ட் சொன்னால், வேறொரு அப்டேட் பின்னணியில் ஓடுகிறது. காத்திருங்கள். அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவேட்டில் எழுதினால் இப்போதிருப்பதைவிடப் பெரிய சிக்கல் வரும்.

குடும்பத்தோடு கழற்றுவது

மெதுவான வழி தோற்றால், ஒவ்வொரு பேக்கேஜாகச் சமாதானம் பேச வேண்டாம். என்விடியா சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவதுதான் சுத்தமான வழி:

சூடோ ஆப்ட் பர்ஜ் '^என்விடியா-.*' '^லிப்என்விடியா-.*' '^லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-.*'

மேற்கோள் குறிகள் அவசியம். அவை இல்லாவிட்டால் நட்சத்திரக் குறிக்கு ஷெல் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளக்கூடும். பர்ஜ் என்பதால் 'ஆர்சி' மிச்சங்களும் சேர்ந்து போகும். இங்கேயும் பட்டியலைப் படித்துவிட்டே ஒய்.

ஆப்ட் இதற்கும் மறுத்தால் கீழ்மட்டத்துக்குப் போக வேண்டும். 'டிபிகேஜி -எல்' காட்டிய என்விடியா பேக்கேஜ் பெயர்கள் அத்தனையையும் ஒரே வரியில் 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' என்பதற்குப் பின்னால் கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஒன்று இன்னொன்றை நம்பியிருக்கிறது என்று மறுக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பட்டியலுக்கு வெளியே ஏதாவது ஒன்று தடுத்தால் அதன் பெயரையும் வரியில் சேருங்கள். '--ஃபோர்ஸ்-டிபென்ட்ஸ்' கடைசி ஆயுதம். அதைப் போட்ட உடனேயே '--ஃபிக்ஸ்-புரோக்கன்' ஓட்டிவிட வேண்டும்.

'.ரன்' நிறுவியால் ஏற்றிய டிரைவர் இருந்தால் இதெல்லாம் அதைத் தொடாது. அது டிபிகேஜிக்குத் தெரியாமல் கோப்புகளை நேரடியாக எழுதியிருக்கும். பதிவேட்டில் அதற்கு இடமே இல்லை. 'சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்' என்ற கட்டளையை அதுவே விட்டுவைத்திருக்கும், அதை ஓட்டுங்கள். அது நூவோவைத் தடுக்க மாட்புரோப் ஃபோல்டரில் ஒரு கோப்பை வைத்திருக்கக்கூடும். நூவோ என்பது கெர்னலோடு வரும் திறமூல டிரைவர். தடை நீங்காவிட்டால் என்விடியாவும் இல்லை, நூவோவும் இல்லை என்று மங்கலான திரையோடு நிற்பீர்கள். அந்தக் கோப்பை நீக்கி 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டுங்கள். எக்ஸ்11 ஃபோல்டரில் பழைய 'எக்ஸ்ஆர்க்.கான்ஃப்' இருந்து அதில் என்விடியா என்று எழுதியிருந்தால் அதையும் வேறு இடத்துக்கு நகர்த்தி வையுங்கள்.

இப்போது வாசல்களைக் குறைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மறுபடி நிறுவினால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் பழையபடி. வேண்டாத பிபிஏவை வெறுமனே நீக்கினால், அதிலிருந்து வந்த பேக்கேஜ்கள் அப்படியே தங்கிவிடும். 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவி களஞ்சியத்தையும் நீக்கி, அதன் பேக்கேஜ்களை உபுண்டுவின் வெர்ஷனுக்குத் திருப்பியும் விடும். குடா களஞ்சியத்தை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால் அதன் களஞ்சியக் கோப்போடு 600 கொடுக்கும் அந்த 'பின்' கோப்பையும் எடுத்துவிடுங்கள். பிறகு 'ஆப்ட் அப்டேட்', '--ஃபிக்ஸ்-புரோக்கன்', ஒரு ரீபூட். இந்த இடத்தில் பதிவேடு சுத்தமாகிவிட்டது. நூவோவோடு டெஸ்க்டாப் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

மறுபடி மாட்டுவது

உபுண்டுவில்:

உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்
சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்

முதலாவது உங்கள் கார்டைக் கண்டுபிடித்துப் பொருந்தும் டிரைவர்களைக் காட்டி, ஒன்றைப் பரிந்துரைக்கும். இரண்டாவது அதை நிறுவும். புதியவர்களுக்கு நான் இதையே சொல்வேன். காரணம், உபுண்டு தன் கெர்னல்களுக்கென்று முன்கூட்டியே கட்டி, கையொப்பமிட்ட மாட்யூல் பேக்கேஜ்களைத் தருகிறது. கிடைக்கும் இடங்களில் இது அவற்றையே எடுக்கும். டிகேஎம்எஸ் கட்டுவது, கம்பைலர் பொருந்துவது என்ற தலைவலிகள் அங்கே இல்லை. டெபியனில் 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ', 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' பகுதிகளை இயக்கிவிட்டு, எண் எதுவும் இல்லாத 'என்விடியா-டிரைவர்' பேக்கேஜை நிறுவ வேண்டும். டெபியன் களஞ்சியத்தையும் உபுண்டு களஞ்சியத்தையும் ஒரே கணினியில் கலக்கவே கூடாது.

கார்டு பழையதென்றால் எண்ணைக் கவனியுங்கள். கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசையும் ஃபெர்மிக்கு 390 வரிசையும்தான் கடைசி. அதற்கு மேல் உள்ளதை வற்புறுத்தி ஏற்றினால் பேக்கேஜ் ஒழுங்காக நிறுவப்பட்டும் கார்டு வேலை செய்யாது. 390 வரிசை புதிய கெர்னல்களோடு ஒத்துப்போவதும் இல்லை. அப்படிப்பட்ட கார்டுகளுக்கு நூவோவோடு இருந்துவிடுவதே நிம்மதி.

விளையாட்டுக்காக ஸ்டீமோ வைனோ வைத்திருப்பவர்களுக்கு 32 பிட் லைப்ரரிகளும் வேண்டும். ஒரே லைப்ரரியின் 64 பிட், 32 பிட் இரண்டும் துல்லியமாக ஒரே வெர்ஷனில் இல்லாவிட்டால் டிபிகேஜி இரண்டையும் சேர்ந்து இருக்கவிடாது. ஒரு வாசல் 64 பிட்டை மட்டும் புதுப்பித்து 32 பிட்டை விட்டுவிட்டால் மீண்டும் 'அன்மெட் டிபென்டன்சிஸ்'. இங்கும் தீர்வு இரண்டையும் ஒரே களஞ்சியத்தில் இருந்து எடுப்பதுதான்.

டிகேஎம்எஸ் வழியில் போனால், நம்பிக்கையான கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்காத செக்யூர் பூட்டையும் நினைவில் வையுங்கள். உங்கள் கணினியிலேயே கட்டிய மாட்யூலை நம்ப, அதன் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து 'என்ரோல் மாக்' என்று கேட்கும். பலர் அதைப் பிழை என்று நினைத்து 'கன்டினியூ' அழுத்திவிடுகிறார்கள். அப்புறம் பேக்கேஜ்கள் அத்தனையும் 'ஐஐ' என்று காட்டும், மாட்யூல் மட்டும் ஏறாது.

ரீபூட்டுக்குப் பிறகு 'என்விடியா-எஸ்எம்ஐ' கார்டின் பெயரையும் டிரைவர் எண்ணையும் காட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றன. அதே அட்டவணையில் தெரியும் குடா எண், இந்த டிரைவர் தாங்கக்கூடிய உச்ச வெர்ஷன். குடா நிறுவப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. 'சூடோ ஆப்ட்-கெட் செக்' எதுவும் புகார் சொல்லாமல் முடிந்தால் பதிவேடும் நலம்.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளில்

இங்கே நிலைமை லேசானது. 'ஏஎம்டிஜிபியு' டிரைவர் 2015ல் வெளியான 4.2 கெர்னலில் இருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல்லுக்கும் அப்படியே. பயனர் பக்கத்து லைப்ரரிகள் மீசா திட்டத்திலிருந்து வழக்கமான களஞ்சியம் வழியாக வருகின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதே இல்லை. மோதல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, புதிய மீசாவுக்காகச் சேர்த்த பிபிஏ. அதற்கு மேலே சொன்ன 'பிபிஏ-பர்ஜ்' போதும். இன்னொன்று, 'ஏஎம்டிஜிபியு-இன்ஸ்டால்' ஸ்கிரிப்ட் வழியாக ஏஎம்டியின் தனிக் களஞ்சியத்தைச் சேர்ப்பது. ராக்எம் மாதிரி கணிப்பு வேலைகளுக்கு அது தேவைப்படலாம், வெறும் திரைக்கும் விளையாட்டுக்கும் வேண்டாம். சேர்த்திருந்தால், உபுண்டுவின் அடுத்த வெளியீட்டுக்கு மாறுமுன் 'ஏஎம்டிஜிபியு-அன்இன்ஸ்டால்' ஓட்டிவிடுங்கள். அந்தப் பேக்கேஜ்கள் குறிப்பிட்ட ஒரு வெளியீட்டுக்கென்று கட்டப்பட்டவை. மாறியபின் அடுத்த வெளியீட்டுக்கு உரியதை இறக்கி நிறுவிக்கொள்ளலாம்.